நெற்றிக்கூரை

காக்கி புக்கிட், இரண்டாம் மாடி, ஏசி ஒழுகும் கடை.
வாரத்தில் எத்தனை நாள் தார், எத்தனை நாள் சேறு?
என்று கேட்டார் ரொஸ்லி.
பொய் சொல்ல ஆசையாக இருந்தது.

ஆறு நாள் தார், என்றேன்.
பிடோக்கிலிருந்து துவாஸ், விடியுமுன் தீவு விரைவுச்சாலை,
பாரந்தூக்கிகளின் கம்பிவடத்தில்
அறுந்த இழை எண்ணும் வேலை.
சேறு மாதத்தில் ஒரு ஞாயிறு,
அதுவும் ஹஸ்னாவின் வண்டி கிளம்பினால்.

அவர் என் காலணியைப் பார்த்தார்.
தையலுக்குள் கோத்தா திங்கிச் செம்மண்.
அந்த ஒரு நாளுக்காகத்தான் வந்திருக்கிறேன்
என்பது அவருக்குத் தெரிந்துபோயிற்று.

பழையது உடைந்ததா?
உடையவில்லை.
செம்பனைத் தோட்டத்துச் சரிவில்
என்னோடு சேர்ந்து விழுந்தபோதுகூட ஒரு கீறல்தான்.
பிறகொரு நாள் வாகன நிறுத்தத்தில்
இருக்கையிலிருந்து தானாக உருண்டது,
உள்ளே யாரும் இல்லாமல்.
அந்தச் சத்தத்துக்குப் பிறகு
அதற்குள் தலையை நுழைக்க மனம் வரவில்லை.

முதலில் இறக்கியது மண்ணுக்கே பிறந்தது.
நீண்ட தாடை, கண் இருக்கும் இடத்தில் வெறும் திறப்பு.
தொண்ணூறில் போனால் அதன் நெற்றிக்கூரையைக் காற்று பிடித்து
மேலே பார், மேலே பார் என்று இழுக்கும்.
வேலைக்குப் போய்ச் சேருமுன்பே
கழுத்து ஒரு ஷிப்ட் பார்த்து முடித்திருக்கும்.

அடுத்தது சாலைக்கானது, முட்டை வழவழப்பு.
முதல் கியரில் பத்து நிமிடம் மேடேறினால்
உள்ளே சோறு வெந்துவிடும்.

மூன்றாவதை அவர் புகழவில்லை.
இரண்டையும் செய்யும், என்றார்.
இரண்டையும் சுமாராகச் செய்யும்.
போன டிசம்பரில் என் மேலாளர்
என்னைப் பற்றி எழுதியதும் ஏறக்குறைய இதேதான்.

போட்டேன். கன்னம் இரண்டும் வாய்க்குள் வந்தன.
தலையை ஆட்டுங்கள்.
ஆட்டினேன்.
ஐயோ, இல்லை என்று ஆட்டுங்கள்.

நான் ஆட்டியது
சரி, இல்லை, பார்க்கலாம்
மூன்றையும் ஒரே ஆட்டில் சொல்லும் எங்கள் வீட்டு ஆட்டம்.
தாடையைப் பிடித்து நிறுத்திச் சொல்லிக்கொடுத்தார்:
முகம் நிற்க, கவசம் மட்டும் திரும்பினால் பெரிது.
தோலும் கூடவே இழுபட்டு வந்தால் அளவு.
இல்லை. இல்லை. இல்லை.
வாங்கத் தீர்மானித்துவிட்ட பொருளிடம்
இத்தனை தடவை நான் மறுத்ததில்லை.

கால்மணி நேரம் கழற்றாமல் உட்காருங்கள்,
நெற்றியில் காசளவு வலி வந்தால் சொல்லுங்கள் என்று
வேறொருவரிடம் டயர் விற்கப் போனார்.
உட்கார்ந்தேன், குளத்தடியில் இருப்பவள்போல்.
யாரோ ஒரு சிறுவன் என் முன் வந்து நின்று
கண்ணாடியில் தன் பல்லைப் பார்த்துக்கொண்டான்.
வலி வரவில்லை.

முந்நூற்று எண்பது வெள்ளி.
பின்புறம் அனுமதி வில்லை இருக்கிறதா என்று
இரண்டு முறை பார்த்தேன்.
சோதனைச்சாவடியில் முகம் காட்டு என்றால்
ஒரு கையால் கண்ணாடியைத் தூக்கலாம்,
அதற்கு ஐம்பது வெள்ளி என்று வைத்துக்கொண்டேன்.
கூரையைக் கழற்ற இருபது காசு போதும்.
காசையும் ரொஸ்லியே தந்தார்,
திருப்பிக் கேட்கவில்லை.

இன்று திங்கள்.
கூரை வீட்டில், காலணி அலமாரி மேல்,
ஏதோ பெரும்பறவையின் அலகுபோல் கிடக்கிறது.
ஜூரோங் தாண்டும்போது மழை பிடித்துக்கொள்ள
பாலத்தடியில் பதினைந்து வண்டிகளோடு ஒதுங்கினேன்.
யாரும் யாரிடமும் பேசவில்லை.
ஒருவர் கையுறையைப் பிழிந்தார்.
மடியில் கவிழ்த்து வைத்து
திருகாணி இருந்த ஓட்டையை விரலால் துழாவினேன்.
அடைப்பான் போட மறந்திருக்கிறேன்.
உள்ளே சிவப்பாக, இன்னும் ஈரம் காயாமல்,
நேற்றைய சேறு கொஞ்சம்.

மழை விட்டது.
அதை அப்படியே வைத்துக்கொண்டு
வேலைக்குப் போனேன்.